புல்மேட்டில் ஓர் அழுகண்ணி: அவலாஞ்சியில் பார்த்தேன், நம்ம பக்கம் இருக்கிறதா?

அரசலாற்றங்கரை
எல்லாருக்கும் வணக்கம். செடி கொடி பற்றி எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. கும்பகோணம் பக்கம் ரெண்டரை ஏக்கர் நஞ்சை. குறுவையும் தாளடியும் போட்டுப் பிழைக்கிறோம். போன வாரம் நடவு வேலையெல்லாம் முடிந்த கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஊட்டி போனேன்.

அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் ஏற்றி உள்ளே கூட்டிப் போகிறார்கள். சோலைக்காடு முடிந்ததும் திடீரென்று வெறும் புல்மேடு, கண்ணுக்கு எட்டிய வரை. ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. எல்லாரும் தூரத்தில் தெரிந்த அணையைப் படம் எடுத்தார்கள். என் சின்ன மகள் மட்டும் சாலையோர மண்சரிவில் குனிந்துகொண்டு, "அப்பா, இந்தச் செடிக்கு வேர்த்திருக்கு" என்றாள்.

ஒரு சாண் உயரம்கூட இருக்காது. நூல் மாதிரித் தண்டு. அதில் பிறை வடிவத்தில் குட்டிக் குட்டி இலைகள். இலையைச் சுற்றிச் சிவப்பாகச் சுணை, ஒவ்வொரு சுணையின் நுனியிலும் ஒரு துளி. மணி பன்னிரண்டு. நல்ல வெயில். சுற்றியிருந்த புல்லில் பனி எப்போதோ காய்ந்துவிட்டது, இதில் மட்டும் காயவில்லை. உச்சியில் ஒரு வெள்ளைப் பூ, ஐந்து இதழ், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஓர் இலையில் கொசு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது.

படம் கீழே போட்டிருக்கிறேன். இது என்ன செடி? நம்ம பக்கம் உண்டா? மகள் தினமும் கேட்கிறாள்.

மஞ்சூரிலிருந்து
அண்ணே, எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. 14 வருஷமாக மஞ்சூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நீங்கள் பார்த்த மேட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில்தான் குடியிருக்கிறேன், அதனால் இதைத் தெரியும்.

அழுகண்ணி இனம். பாடப்புத்தகத்தில் டிரோசிரா என்று வரும். இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படுவது மூன்று வகை. உங்கள் படத்தில் இருப்பது டிரோசிரா பெல்டேட்டா, மலைப் புல்வெளிக்காரன். பிறை இலையும் நிமிர்ந்த தண்டும் இதன் அடையாளம்.

பாப்பா பார்த்த வியர்வை தண்ணீர் இல்லை, பிசின். அதனால்தான் வெயிலில் காயவில்லை. தேன் என்று நினைத்து உட்காரும் சின்னப் பூச்சி ஒட்டிக்கொள்ளும். அது துடிக்கத் துடிக்கப் பக்கத்துச் சுணைகளும் வளைந்து வந்து அமுக்கும். பிறகு இலையே நம் வயிற்றில் சுரப்பது போன்ற செரிமானச் சாறு விட்டுப் பூச்சியைக் கரைத்துக் குடிக்கும். ரெண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கூடு மட்டும் இருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது வயிற்றுப்பாட்டுக்காகப் பூச்சி பிடிக்கவில்லை. சாப்பாட்டை மற்ற செடிகள் மாதிரி வெயிலிலிருந்தே சமைத்துக்கொள்கிறது. பூச்சியிலிருந்து எடுப்பது தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். விவசாயிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் இந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எல்லா வருஷமும் அவ்வளவு இல்லை, ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும் மண் இது. தழைச்சத்து எப்படித் தங்கும்? புளித்த, சத்து ஓடிப்போன மண்ணில் நிற்க இந்தச் செடி கண்டுபிடித்த வழி அது.

மண்ணுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கிழங்கு இருக்கும். மழை நின்று உறைபனி விழ ஆரம்பித்ததும் மேலே உள்ளதெல்லாம் கருகிவிடும். கிழங்கு மட்டும் உள்ளே கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். நம்ம வயல் கோரைக்கிழங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு முரட்டுத்தனம் மட்டும் கிடையாது.

வெண்ணாறு
பூச்சியைப் பிடித்துத் தின்றால் பூவுக்கு மகரந்தம் கொண்டுவரும் பூச்சியையும் சேர்த்துத் தின்றுவிடாதா? அப்புறம் விதை எப்படி?

மஞ்சூரிலிருந்து
நல்ல கேள்வி தம்பி. பூவை இலையிலிருந்து தள்ளி உச்சியில் வைத்திருப்பதில் அந்த வசதி இருக்கிறது. வண்டு பூவுக்கு வந்து அப்படியே போய்விடும், பிசினுக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. யாரும் வராவிட்டாலும் பல அழுகண்ணி வகைகள் தன் மகரந்தத்திலேயே விதை வைத்துக்கொள்ளும். பூ வெயில் இருந்தால்தான் திறக்கும், அதுவும் சில மணி நேரத்துக்கு. மூடுபனி நாளில் போனால் மொட்டைத்தான் பார்க்கலாம். அரசலாற்றங்கரை அண்ணன் போன நேரம் நல்ல நேரம்.

நாகைக் கடற்காற்று
அழுகண்ணி என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி அம்மன் கோயிலில் அழுகணிச் சித்தர் அடங்கியிருக்கிறார் என்பது ஊர் வழக்கு. "கண்ணம்மா" என்று முடியும் அவர் பாட்டு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாட்டெல்லாம் அழுகையாக இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு சாரார், அழுகண்ணி மூலிகையைக் கையாண்டதால் என்று இன்னொரு சாரார். அப்பா ரெண்டாவதைச் சொல்வார்.

ஆனால் அப்பா காட்டிய அழுகண்ணி நீங்கள் சொல்லும் செடியே இல்லை. வேதாரண்யம் உப்பளம் பக்கம், உப்புப் பூத்த தரையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் படர்ந்து கிடக்கும். பொடி இலை, வெள்ளையாகப் பொடிப் பூ. மார்கழி விடியலில் போனால் இலையெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர் நிற்கும், அடியில் மண் ஈரமாக இருக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். வடமொழி வைத்தியத்தில் ருதந்தி என்று சொல்வதும் இந்தச் செடியைத்தான். ருதந்தி என்றாலும் அழுகிறவள் என்றுதான் பொருள். ஆங்கிலப் படிப்புக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் கிரெஸ்ஸா கிரெட்டிகா. பூச்சி கீச்சி எதையும் பிடிக்காது.

அதனால் மலையில் இருப்பதுதான் அழுகண்ணி, எங்களுடையது இல்லை என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரத்தநாட்டு ஆசிரியை
நாகை ஐயா, ரெண்டுமே அழுகின்றன, ரெண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ஒரு பெயரை ஊருக்கு ஒரு செடிக்கு வைப்பது நம்மவர்கள் வழக்கம்தானே. உங்கள் செடி உப்பை வெளியே தள்ளுகிறது, அந்த உப்பு பனியை இழுத்து நீராக நிற்கிறது. விஷ்ணுகிராந்தி, வள்ளைக்கொடி எல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அழுகண்ணி டிரோசிராவுக்கு அது தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

இப்போது தொடங்கியவரின் கேள்விக்கு வருகிறேன். மலையில் இருப்பது நம்ம பக்கம் இல்லை. அதற்குக் குளிரும் உயரமும் வேண்டும். ஆனால் மஞ்சூர் தம்பி சொன்ன மூன்றில் மற்ற ரெண்டும் சமவெளிக்காரர்கள்.

நஞ்சையில் தேடாதீர்கள், கிடைக்காது. வல்லத்திலிருந்து தெற்கே, புதுக்கோட்டை போகும் பக்கம் செம்மண்ணும் செம்பாறாங்கல்லுமாக மேடு கிடக்கிறது பாருங்கள். கால்வாய்த் தண்ணீர் ஏறாத, எருப் போடாத, ஆடு மேய்கிற பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பொட்டலின் பள்ளமான ஓரங்களில் ஊற்று கசியும். அந்தக் கசிவில் தரையோடு ஒட்டி, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு வட்டங்கள் தெரியும். அது டிரோசிரா பர்மன்னி. குனிந்து பார்க்காவிட்டால் யாரோ வெற்றிலை துப்பிய கறை என்று தாண்டிப் போய்விடுவோம். இன்னொன்று டிரோசிரா இண்டிகா. நிமிர்ந்து வளரும், இலை நூல் நூலாக இருக்கும், இளஞ்சிவப்புப் பூ. இந்த ரெண்டுக்கும் கிழங்கு இல்லை. ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்து விதை போட்டுச் செத்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். டார்வின் இந்த இனத்தை வைத்து வருஷக்கணக்கில் சோதனை செய்து 1875-ல் எழுதினார். அவர் செய்ததில் எளியதைப் பிள்ளைகளையே செய்ய வைத்தேன். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவில் கடுகளவு ஓர் இலையில், அதே அளவு மணல் பக்கத்து இலையில். ஓரச் சுணைகள் கண்ணெதிரே வளைந்தன. பர்மன்னி இந்த இனத்தில் வேகமானவற்றில் ஒன்று, சில நொடியில் மடங்கும். ஒரு பையன் "டீச்சர், கை கூப்புது" என்று கத்தினான். மறுநாள் மாலை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மணல் வைத்த இலை விரித்துவிட்டது. முட்டை வைத்தது இன்னும் மூடிக்கொண்டிருந்தது. எது சத்து, எது சத்தில்லை என்று கண்ணோ நாக்கோ இல்லாத செடி தரம் பிரிக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இடத்தைத் துல்லியமாக இங்கே எழுத மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியவருக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை
டீச்சர், கோடி நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். கார்த்திகையில் போகலாம் என்று இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள்.

வாழ்நாள் முழுக்க மண்ணுக்குச் சத்து சேர்த்தே பழகியவன் நான். சத்து இல்லாததால்தான் ஓர் உயிர் ஓர் இடத்தில் நிற்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியென்றால் அந்தப் பொட்டலில் யாராவது யூரியா போட்டால்?

ஒரத்தநாட்டு ஆசிரியை
போய்விடும். யூரியா இதைக் கொல்வதற்கு முன்னாலேயே புல்லும் கோரையும் மதமதவென்று வளர்ந்து மேலே மூடிவிடும். நிழலில் இது நிற்காது. ஆடு மேய்வதுகூட ஓரளவுக்கு நல்லது, புல்லைக் குட்டையாக வைத்திருக்கும்.

நிழல்மரம்
எல்லாம் சரி. ஆனால் அவலாஞ்சிப் பக்கம் நானும் போயிருக்கிறேன். மலைக்கு மலை மொட்டையாகக் கிடக்கிறது. நாங்கள் திருவாரூர் மாவட்டத்தில் குளக்கரை, பள்ளிக்கூடம் என்று மரக்கன்று நடுகிறோம். கஜா புயலில் போன தென்னையும் மாவும் பார்த்து அழுதவர்கள் நாங்கள். அவ்வளவு மழை பெய்கிற மலையில் மரம் நட்டால் காவிரிக்குத் தண்ணீர் கூடும் இல்லையா? ஒரு சின்னப் பூவுக்காக மலையை வெறுமையாக விட வேண்டுமா? யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை.

மஞ்சூரிலிருந்து
புண்படவில்லை அண்ணே. மன்னார்குடியிலிருந்து வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது மொட்டை மலை இல்லை. யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நீலகிரியில் சேற்றுக்கரியை, அதாவது சதுப்பில் காலங்காலமாகப் படிந்து மட்கிய செடிப் படிவைத் தோண்டி எடுத்து ஆராய்ந்ததில் குறைந்தது 20,000 வருஷமாக அங்கே புல் இருந்துகொண்டிருப்பது தெரிந்தது. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல். உறைபனி விழும் திறந்த மேட்டில் சோலை மரத்தின் கன்று தாக்குப்பிடிக்காது. தோடர்களின் எருமை மேய்ந்தது அந்தப் புல்லில். வரையாடு இருப்பதும் அந்தப் புல்லில்தான். வரையாட்டுக்காகவே முக்கூர்த்தியை 1982-ல் சரணாலயமாக்கி, 1990-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மொத்தம் 78 சதுர கிலோமீட்டர் சொச்சம்.

மரம் நட்டால் என்ன ஆகும் என்று பார்த்தும் விட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. விறகுக்கு ஒன்று, தோல் பதனிடும் பட்டைக்கு ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகும் புல்மேட்டை வீண்நிலம் என்று எண்ணி நட்டுக்கொண்டே போனார்கள். ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் ரெண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் வைத்து வருஷக்கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். மரம் வைத்த பக்கம் முதல் பத்து வருஷச் சுற்றில் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்த்த ரெண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம். கோடையில் ஓடை மெலிவதுதான் இன்னும் மோசம். புல் கொஞ்சமாகக் குடிக்கும். அதன் கீழே இருக்கும் கருமண் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மழை விட்ட பிறகும் கசியவிடும். அழுகண்ணி நிற்பது அந்தக் கசிவின் வாயில். நான் நடைபோகும் பாதையில் அது இருக்கும் இடமெல்லாம் மண்ணை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறும்.

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் புல்வெளி மூன்றில் ரெண்டு பங்கு போய்விட்டது. அழித்தது தீ இல்லை. மரத்தோட்டமும் விவசாயமும்தான். சீகை தானாகவும் பரவுகிறது. அதன் விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், வெட்டினாலும் மறுவருஷம் பயிர் மாதிரி முளைக்கும். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டு, வேலை நடக்கிறது. வெட்டிய இடத்தில் எங்கள் பக்கத்து ஊர் ஆட்கள் உள்நாட்டுப் புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலையில் நடவு என்றால் எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் குளக்கரையில் மரம் நடுங்கள் அண்ணே, அது புண்ணியம். அந்தக் கை இங்கே வர வேண்டாம்.

கல்லணைக்கால்வாய்
தண்ணீர்க் கணக்கில் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

நம்ம ஊரில் காவிரி என்றால் குடகு, அடுத்தது மேட்டூர், ஜூன் 12 அணை திறப்பு. இதோடு முடித்துக்கொள்கிறோம். அவலாஞ்சித் தண்ணீர் மேட்டூருக்குப் போவதே இல்லை. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. குந்தா ஆறு பவானியில் விழும். பவானி பில்லூர் தாண்டி பவானிசாகருக்கு வரும். முக்கூர்த்தி, பைக்காராப் பக்கத்து நீர் மாயாறாகச் சுற்றிக்கொண்டு அதே பவானிசாகருக்கு வரும். அங்கிருந்து போய்க் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. கூடுதுறை மேட்டூருக்குக் கீழே. அதாவது மேட்டூர் அளவுகோலில் ஏறாத தண்ணீர். ஆனைமுடி பக்கத்து இரவிகுளம் புல்வெளியிலிருந்து வரும் பாம்பாறும் அமராவதியாகிக் கரூருக்குக் கீழே சேருகிறது. அதுவும் மேட்டூருக்கு அப்பால்தான்.

பவானியிலும் அமராவதியிலும் வழியிலேயே பாசனமும் குடிநீரும் எடுத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. வெள்ளக்காலத்தில் மிச்சம் வந்து முக்கொம்புக்கும் கல்லணைக்கும் சேரும். பணியில் இருந்தபோது மாயனூரில் நீர்வரத்து எழுதும் நோட்டைப் பார்ப்பேன். மேட்டூரில் விட்டதைவிட இங்கே வந்தது கூடுதலாக இருக்கும் நாட்களில் "பவானி இறங்கியிருக்கு" என்போம். அந்த இறங்கலின் ஒரு முனையில் இந்தப் பாப்பா பார்த்த மண்சரிவு இருக்கிறது. இத்தனை வருஷம் அந்த நோட்டை வைத்திருந்தும் நான் மேலே போய்ப் பார்த்ததில்லை.

நிழல்மரம்
மஞ்சூர் தம்பி, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. கிளென்மார்கன் கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் அடுத்த மாதம் மலைக்குப் போய் விதைப்பந்து வீசுவதாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த இழையை அப்படியே குழுவில் போட்டுவிட்டேன். மலைத்திட்டத்தை எடுத்துவிட்டோம். அந்தக் கன்றுகள் முத்துப்பேட்டைச் சாலைக்கு.

பேராவூரணி நாற்றங்கால்
என்னிடம் பசுமைக்குடில் இருக்கிறது. யாராவது ரெண்டு மூன்று கிழங்கு கொண்டுவந்தால் தொட்டியில் வளர்த்துப் பெருக்கிப் பார்க்கலாம். கொசு பிடிக்கும் செடி என்றால் ஆள் ஆளாக வாங்குவார்கள். அழிவிலிருந்து காப்பாற்றியது போலவும் ஆகும்.

ஒரத்தநாட்டு ஆசிரியை
ஐயா, தயவு செய்து வேண்டாம். முதலாவது, அந்தக் காட்டில் செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். ரெண்டாவது, பேராவூரணி வெயிலில் அந்தக் கிழங்கு அழுகிவிடும். நம்ம ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பை இந்த இனம் தாங்காது. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ வேண்டும். தொட்டியில் செம்மண்ணும் தொழுவுரமும் போட்டால் ஒரே வாரம்.

கொசு ஒழிக்கவும் இது உதவாது. ஒரு செடி நாளைக்கு ஒன்றோ ரெண்டோ பிடித்தாலே அதிகம். ஆசை இருந்தால் திசு வளர்ப்பில் உண்டாக்கிய வெளிநாட்டு வகைகள் கடையில் முறையாகக் கிடைக்கின்றன, அதை வாங்கி வளருங்கள். காட்டில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

கோபமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் பிள்ளைகளை அழைத்துப் போன மறுவருஷம் அதே இடத்தில் குழி குழியாகத் தோண்டி எடுத்திருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. இடத்தை எழுத மாட்டேன் என்று மேலே சொன்னேனே, அதன் காரணம் இதுதான்.

பேராவூரணி நாற்றங்கால்
புரிந்தது டீச்சர். விட்டுவிட்டேன்.

நாகைக் கடற்காற்று
தோண்டியவர்கள் மருந்துக்காகத் தோண்டியிருப்பார்கள். அழுகண்ணி, தொழுகண்ணி ரெண்டும் காயகற்பம் என்று பேச்சு பரவிக் கிடக்கிறது. மலைச் செடியைத் தங்கபற்பம் செய்யச் சேர்ப்பதும் உண்டு. கொடிவேலி வேரில் இருக்கும் பிளம்பாஜின் என்ற காரப்பொருள் டிரோசிராவிலும் இருக்கிறது. கொடிவேலி வேரை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்பளிப்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரத்தை வீட்டில் இருப்பவர்கள் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? தேறிய வைத்தியரிடம் போகாமல் இணையத்தில் படித்து யாரும் முயல வேண்டாம். அப்பா 40 வருஷம் மருந்து அரைத்தவர். அவரே இதைத் தொடும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்.

மேலே நான் கொஞ்சம் வீம்பாக எழுதிவிட்டேன். ஆசிரியை அம்மா சொன்னது சரி. ரெண்டுக்கும் அந்தப் பெயர் தகும்.

வெண்ணாறு
நேற்று ஒன்று பார்த்தேன், இங்கே கேட்கலாமா? எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வாய்க்கால் ஓரக் குட்டையில் பாசி மாதிரி மிதக்கிறது. வேர் இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குக் காம்பு நீட்டி மஞ்சள் பூ. கையில் அள்ளிப் பார்த்தால் இலையில் எல்லாம் கடுகு மாதிரிக் குட்டிக் குட்டிப் பைகள். அண்ணன் களை என்று வாரிக் கரையில் போட்டார். இதுவும் பூச்சி பிடிக்குமா?

ஒரத்தநாட்டு ஆசிரியை
பிடிக்கும் தம்பி! அது யூட்ரிகுலேரியா. பெரும்பாலும் ஆரியா என்ற வகையாக இருக்கும், பூவின் படம் போட்டால் உறுதி சொல்கிறேன். அந்தப் பைதான் பொறி. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டுச் சப்பிப்போய்க் காத்திருக்கும். வாயில் இருக்கும் சுணையை நீர்ப்பூச்சி தொட்டதும் கதவு திறந்து தண்ணீரோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். செடி உலகத்தில் இதைவிட வேகமானவை மிகக் குறைவு. கொசுப்புழுவும் சில சமயம் மாட்டும்.

பாருங்கள், பூச்சி பிடிக்கும் செடியைப் பார்க்க மலைக்கும் போகலாம், வல்லத்துக்கும் போகலாம், சொந்த வாய்க்காலையும் எட்டிப் பார்க்கலாம். அண்ணனிடம் சொல்லுங்கள், குட்டையில் இருந்தால் நெல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. களைக்கொல்லி ஓடி வரும் வாய்க்காலில் இது நிற்காது. உங்கள் குட்டையில் நிற்கிறது என்பதே நல்ல செய்தி.

வெண்ணாறு
கரையில் போட்டதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டேன் டீச்சர்.

அரசலாற்றங்கரை
கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகிறது. சொன்னபடி போய் வந்தோம்.

முதல் தடவை கிடைக்கவில்லை. டீச்சர் சொன்ன அடையாளத்தில் ஒன்று மாறியிருந்தது. ஒற்றைப் பனை நின்ற இடத்தில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். மகள் முகம் வாடிவிட்டது. டீச்சருக்குப் போன் செய்தேன். "மனைக்குப் பின்னால் சரிவு இருக்கும், ஊற்று அங்கேதான், போய்ப் பாருங்கள்" என்றார். போனோம். ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன தேடுகிறோம் என்று சொன்னதும், "செவப்பு ஒட்டுச் செடியா, அந்தக் கல்லுக்குக் கீழ பாரு, எறும்ப வெச்சு வெளையாடுவோம்" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர் என்ன என்று கேட்டேன். பெயரெல்லாம் தெரியாது என்றார்.

கல்லுக்குக் கீழே கால் வைக்க இடம் இல்லாமல் இருந்தது. மகள் எண்ணினாள், 63. பாதியில் அவள் எண்ணிக்கை தப்பியிருக்கலாம். நடுவில் இருந்து குச்சி மாதிரித் தண்டு கிளம்பி வெள்ளை மொட்டு. ரெண்டுதான் திறந்திருந்தன. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி கையில் உருப்பெருக்கி, முழங்காலுக்குக் கீழே சாக்கு. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், மிதித்துவிடக் கூடாது என்று.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. அவலாஞ்சியில் பார்த்தது தென்மேற்குப் பருவத்துச் செடி. வல்லத்தில் இருப்பது வடகிழக்குப் பருவத்துச் செடி. அது படுக்கப் போகிற நேரத்தில் இது எழுகிறது. எங்கள் வயலும் அப்படித்தான் ஓடுகிறது. முன்பாதிக்கு மேற்கே பெய்த மழை ஆற்றில் வருகிறது, பின்பாதிக்கு நம்ம தலைக்கு மேலேயே பெய்கிறது.

மஞ்சூர் தம்பி, மகள் ஒரு கேள்வி அனுப்பச் சொன்னாள். அவள் பார்த்த அந்தச் செடி இப்போது என்ன செய்கிறது?

மஞ்சூரிலிருந்து
இன்று விடுமுறை, அதே திருப்பத்துக்குப் போய் வந்தேன். புல்லெல்லாம் பொன்னிறமாகிவிட்டது. காலையில் முதல் உறைபனி. பாப்பா படத்தில் இருக்கும் அந்த வெள்ளைக் கல்லை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். தண்டு கருத்துச் சாய்ந்து கிடக்கிறது. நுனியில் காய் வெடித்திருந்தது, விதை தூசி மாதிரி. கிழங்கைத் தோண்டிப் பார்க்கவில்லை. கல்லுக்குக் கீழே மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

ஆனி மாதம் முளைத்ததும் படம் அனுப்புகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.